பந்தலைப் பிரிக்காதீர்கள், நாங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறோம்

சென்னையில் சாலை ஓட்டங்களை நடத்துகிற அமைப்பாளர்களுக்கும், அவற்றுக்கு அனுமதி தருகிற மாநகராட்சிக்கும், வழி ஒதுக்கித் தருகிற போக்குவரத்துக் காவல்துறையினருக்கும் வணக்கம்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. பத்து கிலோமீட்டரை ஒரு மணி முப்பத்தைந்து நிமிடத்தில் முடிப்பேன். இருபத்தொரு கிலோமீட்டர் தூர அரை மாரத்தானுக்கு மூன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். பந்தய முடிவுகளின் பட்டியலில் என் பெயரைத் தேடுகிறவர்கள் அடியிலிருந்து தேடினால் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். இந்த மடலை அந்த அடிவரிசையிலிருந்துதான் எழுதுகிறேன்.

ஏழு வருடங்களுக்கு முன் சர்க்கரை நோய் என்று தெரிந்தபோது நடக்கச் சொன்னார்கள். லஸ் முனைக்குப் பக்கத்தில் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலையில் நடக்க ஆரம்பித்தேன். நடை கொஞ்சம் வேகமானது. வேகம் ஒருநாள் ஓட்டமானது. சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நான் ஓடியதைப் பார்த்து, தினமும் அங்கே வருகிற ஒரு பெரியவர், “பஸ்ஸைப் பிடிக்கவா அம்மா?” என்று கேட்டார். இல்லை ஐயா, சும்மாதான் ஓடுகிறேன் என்றேன். சும்மா ஓடுகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னதே பெரிய சந்தோஷமாக இருந்தது. அதுவரை என் வாழ்க்கையில் எதையும் சும்மா செய்ததில்லை.

ஜனவரியில் சென்னை மாரத்தான் நடக்கிற காலை எனக்குப் பொங்கலுக்கு முன்பே வந்துவிடுகிற ஒரு பண்டிகை. இருட்டு பிரியாத நேரத்தில் நேப்பியர் பாலத்தருகே நின்றால் கடற்காற்று முகத்தில் ஈரமாக அடிக்கும். 2022 செஸ் ஒலிம்பியாட்டின்போது சதுரங்கக் கட்டங்களைப் பூசிக்கொண்ட அந்தப் பாலத்தில், மற்ற நாள்களில் நின்று மூச்சு விடக்கூட முடியாது. காமராஜர் சாலையை மோட்டார் சத்தமில்லாமல் கேட்க எனக்கு வருடத்தில் ஒரு நாள்தான் கிடைக்கிறது. ஆயிரக்கணக்கான காலணிகள் ஒரே நேரத்தில் தார்ச்சாலையைத் தொடுகிற சத்தம், மழை பிடிக்கப்போவது போல இருக்கும். பக்கத்தில் மென்பொருள் பொறியாளர், பின்னால் ஓய்வுபெற்ற காவலர், முன்னால் பதினெட்டு வயது கல்லூரிப் பெண். யாரும் யாரையும் நீ யார் என்று கேட்பதில்லை. எத்தனை கிலோமீட்டர் என்றுதான் கேட்பார்கள். இப்படி ஒரு காலையை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவர்கள் நீங்கள். அந்த நன்றியை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுதவேண்டும்.

மற்றது இதுதான்: எல்லோரும் வாருங்கள் என்று அழைக்கிறோம். ஆனால் எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருப்பதில்லை.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். சென்னைக்கு வெளியே ஓர் ஊரில் நடந்த அரை மாரத்தான் அது. எந்த ஊர், யார் நடத்தியது என்பதை எழுதப்போவதில்லை. யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக நான் இந்த மடலை எழுதவில்லை. மூன்றரை மணி நேரக் கெடு என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். என்னால் முடியும் என்று கணக்குப் போட்டுத்தான் பணம் கட்டினேன். பதினைந்தாவது கிலோமீட்டர் வரை எல்லாம் நன்றாகவே போனது. அதற்குப் பிறகு வந்த தண்ணீர் மேசையை மடக்கி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மேசை இருந்த இடத்தில் ஈரமான தரையும் நசுங்கிய காகிதக் குவளைகளும் மட்டும் இருந்தன. வெயில் ஏறிவிட்டது. பின்னால் வந்த லாரி என்னை ஓரமாகப் போகச் சொல்லி ஒலியெழுப்பியது. என் எண் அட்டையும் நெஞ்சில் குத்தியிருந்த நான்கு ஊசிகளும் திடீரென்று அர்த்தமில்லாதவையாகத் தோன்றின.

பதினேழாவது கிலோமீட்டரில், சாலையோரம் குவளைகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் ஒரு அம்மா என்னைப் பார்த்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். “உட்காரு கண்ணு, முகம் வெளுத்திருக்கிறது” என்று சொல்லி, தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அதில் அவருக்கு மதியம்வரை வேண்டிய தண்ணீர் இருந்தது. பாதியைக் குடித்துவிட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் இன்றுவரை தொண்டையில் நிற்கிறது.

முடிவுக் கோட்டை அடைந்தபோது காற்றடைத்த வளைவைத் தரையில் சரித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். பதக்கம் தீர்ந்துவிட்டது என்றார்கள். என் கைக்கடிகாரம் 3 மணி 22 நிமிடம் காட்டியது. கெடுவுக்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. நான் தாமதமாக வரவில்லை. அவர்கள்தான் சீக்கிரம் புறப்பட்டுவிட்டார்கள்.

அன்று என் பின்னால் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர், மகள் கட்டாயப்படுத்தியதால் முதன்முறையாக வந்தவர். அதன்பிறகு அவரை எந்த ஓட்டத்திலும் நான் பார்க்கவில்லை.

இப்போது வெயில் கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் வெறும் மனக்குறை என்று இதை யாரும் ஒதுக்கிவிடக்கூடாது. ஜனவரி தொடக்கத்தில் சென்னையில் சூரியன் ஆறரை மணியளவில் உதிக்கிறது. விடிவதற்கு முன்பே கிளம்புகிற முழு மாரத்தானில் மூன்று மணி நேரத்தில் ஓடி முடிக்கிறவருக்குச் சூரியன் ஒரு துணைவன் மாதிரி. கடைசிக் கட்டத்தில் சற்று எட்டிப் பார்க்கும். அதே கோட்டிலிருந்து அதே நேரத்தில் கிளம்பி ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்கிறவர், தன் ஓட்டத்தின் பாதியை முழு வெயிலில் ஓடுகிறார். தூரம் இருவருக்கும் ஒன்றுதான், ஆனால் ஓடிய வானிலை வேறு. நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஓட்டங்களில் பெரும்பாலும் நீண்ட தூரக்காரர்கள் முதலில் கிளம்புவார்கள். பத்து கிலோமீட்டர்காரர்கள் கடைசியாக. முதன்முறை ஓடுகிறவர்கள், பயிற்சி குறைந்தவர்கள், வயதானவர்கள் எல்லாரும் சேருகிற தூரம் அந்தப் பத்து கிலோமீட்டர்தான். வெயிலுக்கு உடம்பு பழகாதவர்களைத்தான் வெயிலில் அனுப்புகிறோம்.

தண்ணீர் மட்டும் வைத்தால் போதும் என்று நினைப்பதிலும் ஆபத்து உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்து, அதன் முடிவை 2005இல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது அளவுக்கு மீறிக் குடித்து எடை கூடியவர்களுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும்தான் அந்த ஆபத்து அதிகமாக இருந்தது. அதாவது எங்களுக்கு. மெதுவாக ஓடுகிறவர் ஒவ்வொரு மேசையிலும் நின்று நிதானமாக நிறையக் குடிக்கிறார், உப்பு கிடைப்பதில்லை. முன்னால் போகிறவர்களுக்கு உப்புத் தொட்ட ஆரஞ்சுச் சுளையும், உப்பு-சர்க்கரைக் கரைசலும், வாழைப்பழமும் கிடைக்கின்றன. நாங்கள் வந்து சேரும்போது தட்டில் தோல்தான் இருக்கும். மேசை மிச்சமிருந்தாலும் தண்ணீர் மட்டுமே மிச்சமிருக்கும். யாருக்கு உப்பு மிகவும் தேவையோ அவருக்கு அது கிடைக்காமல் போகிறது.

வெப்பத் தாக்கு பற்றியும் ஒரு வார்த்தை. உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறி, திசை தெரியாமல் ஒருவர் தடுமாறினால், முதலில் அங்கேயே ஐஸ் தண்ணீரில் குளிர்விக்கவேண்டும். பிறகுதான் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும். இது விளையாட்டு மருத்துவத்தில் பாடமாகவே சொல்லப்படுவது. அதற்கு ஐஸும் தொட்டியும் தெரிந்த ஆளும் வெயில் ஏறிய பின்னால் அங்கே இருக்கவேண்டும். ஆறு மணிக்கு இருந்து ஒன்பது மணிக்குக் கிளம்பிவிட்ட மருத்துவக் குழு யாருக்காக வந்தது?

இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து கற்றுக்கொள்ளவேண்டிய கலை என்று நான் நினைக்கவில்லை. இந்த ஊருக்கே அது தெரியும். ஆகஸ்ட் 29ஆம் தேதி பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்தில் கொடியேறுகிறது. அதற்காகச் சென்னையின் மூலைமுடுக்குகளிலிருந்து காவி உடுத்தி ஆயிரமாயிரம் பேர் நடந்து வருகிறார்கள். குழந்தையைத் தோளில் சுமந்தவர், கால் தாங்கி நடக்கிறவர், பாட்டிகள். வழியெங்கும் தண்ணீர் கொடுக்கிறார்கள், மோர் கொடுக்கிறார்கள். நீ எத்தனை மணிக்குக் கிளம்பினாய் என்று கேட்டுவிட்டு யாரும் குவளையை நீட்டுவதில்லை. மயிலாப்பூரில் அறுபத்துமூவர் அன்று மாட வீதிகளைச் சுற்றி எத்தனை நீர்மோர்ப் பந்தல்கள்! தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களுக்கு வழியோர ஊர்கள் சோறு போடுகின்றன. இரவு இரண்டு மணிக்குத் தனியாக நடந்து வருகிறவருக்கும் எழுந்து வந்து சோறு போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர்ப் பந்தல் என்கிற சொல் நம்முடையது. வழியில் ஆள் இருக்கும்வரை பந்தல் இருக்கும் என்பதுதான் அந்தச் சொல்லுக்கு நாம் பழகிய பொருள். மாரத்தானில் அதை மேசை என்று அழைக்கத் தொடங்கியதும் மடக்கத் தோன்றிவிட்டதோ என்னவோ.

வெளியூரிலும் இந்தத் தவறு நடந்திருக்கிறது, திருத்தியும் இருக்கிறார்கள். 2019 லண்டன் மாரத்தானில் ஏழரை மணி நேரக்காரர்களுக்கு வேகம் காட்டுவதற்காக அமைப்பாளர்களே நியமித்த பெண்மணி, பணியாளர்கள் தன் குழுவைச் சுற்றிச் சாலையைக் கழுவி, மேசைகளை எடுத்து, ஓடுகிறவர்களை உடல் பருமனைச் சொல்லி ஏளனம் செய்தார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். அமைப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அதன் பிறகு, கடைசியில் வருகிறவர்களோடு நடந்து வருவதற்கென்றே ஆட்களை ஏற்படுத்தினார்கள். 2004 அக்டோபரில் லண்டன் புஷி பூங்காவில் பதின்மூன்று பேரோடு தொடங்கிய பார்க்ரன் என்கிற வாராந்தர இலவச ஓட்டத்தில் கடைசி இடத்தில் வருவதே ஒரு தொண்டரின் வேலை; அதனால் ஓட வந்தவர் யாரும் கடைசி ஆவதில்லை. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு மாரத்தான் 1973இலிருந்து நடக்கிறது. நம்மைப் போலவே கடலோர வெப்ப ஊர். டிசம்பரில் இருட்டோடு கிளம்புகிறார்கள். நேரக் கெடு என்பதே கிடையாது.

சென்னையில் கெடுவே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. காவல்துறையினரின் சிரமம் எனக்குப் புரிகிறது. ஓட்டம் நடக்கிற ஞாயிறு, சாந்தோம் பேராலயத்துக்குத் திருப்பலிக்குப் போகிறவர்களுக்கும் ஞாயிறுதான். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவர்களுக்கு அது வாரத்தின் பெரிய வியாபார நாள். ஆம்புலன்ஸ் போகவேண்டும், இரவுப்பணி முடிந்து செவிலியர் வீடு திரும்பவேண்டும். நான் மெதுவாக ஓடுகிறேன் என்பதற்காக அவர்கள் எல்லாரும் காத்திருக்கவேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் சாலையைத் திறப்பதும் எங்களைக் கைவிடுவதும் ஒன்றல்ல. மெரினாவில் காமராஜர் சாலையை ஒட்டி உட்புறச் சாலை இருக்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு பின்தங்கியவர்களை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். பெரிய சாலையைப் பஸ்ஸுக்குக் கொடுங்கள். மற்ற இடங்களில் இடது ஓரம் ஒரு தடத்தைக் கூம்புகளால் பிரித்துத் தந்தால் போதும். பத்து பேர் வரிசையாக ஓட அவ்வளவு இடம் போதாதா?

இன்னும் சில, சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். கெடுவை முதல் வெடிச்சத்தத்திலிருந்து கணக்கிடாமல், கடைசி ஆள் தொடக்கக் கோட்டைக் கடந்த நேரத்திலிருந்து கணக்கிடுங்கள். நெரிசலில் பின்னால் நிற்கிறவருக்குக் கோட்டை அடையவே பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. எண் அட்டைக்குப் பின்னால் ஒவ்வொருவரும் கோட்டைக் கடக்கும் நேரத்தைப் பதிவு செய்கிற சிப் ஒட்டியிருக்கும்போது இந்த அநியாயம் தேவையே இல்லை. விதிகளைத் தமிழிலும் அச்சிடுங்கள். கெடு என்ன, எந்த இடத்தை எத்தனை மணிக்குள் தாண்டவேண்டும், தாண்டாவிட்டால் எந்த வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும் என்பதெல்லாம் முதன்முறை வருகிறவருக்குத்தான் தெரியவேண்டும். அவர்களில் பலருக்கு ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருப்பது எட்டுவதில்லை. பணம் கட்டியவர் எத்தனை பேரோ அத்தனை பதக்கம் வைத்திருங்கள். பெரிய அளவுச் சட்டைகளைக் கூடுதலாகத் தையுங்கள்.

தன்னார்வலர்களாக வருகிற மாணவர்கள் மீது எனக்குத் துளியும் கோபமில்லை. அதிகாலை மூன்று மணிக்கு வந்து நிற்கிற பிள்ளைகள் அவர்கள். ஒன்பது மணிக்கு அவர்களுக்கும் பசிக்கும், கால் வலிக்கும். மேசையை மடக்கலாம் என்று யாரோ ஒருவர் சொல்கிறார், மடக்குகிறார்கள். அந்த யாரோ ஒருவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆறரை மணிக்கு இரண்டாவது அணி வந்து முதல் அணியை வீட்டுக்கு அனுப்பட்டும். கடைசி ஆளோடு ஒருவர் கையில் கொடியோடு நடந்து வரட்டும். அந்தக் கொடி கண்ணுக்குத் தெரியும்வரை, மேலிடத்திலிருந்து யார் போன் செய்தாலும், மேசையில் தண்ணீரும் உப்பும் இருக்கட்டும். தூய்மைப் பணியாளர்களின் வேலையும் அந்தக் கொடிக்குப் பின்னால் தொடங்கட்டும். இப்போது ஓடுகிறவர்களின் கால்களுக்கிடையே குனிந்து அவர்கள் கூட்டவேண்டியிருக்கிறது. அது எங்களைவிட அவர்களுக்குத்தான் அவமானம் தருகிற வேலைமுறை. அவர்களுக்கும் அந்த மேசையில் ஒரு வாழைப்பழமும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்து வையுங்கள். எனக்கு ஒரு கடன் இருக்கிறது.

கடைசியாக வருகிறவர்கள் பயிற்சி செய்யாத சோம்பேறிகள் என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். என்னோடு பின்வரிசையில் ஓடுகிற பெண்களை எனக்குத் தெரியும். ஒருவர் நாலரை மணிக்கு எழுந்து, சமையலை முடித்து, மாமியாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, மீந்த நாற்பது நிமிடத்தில் ஓடுகிறார். இன்னொருவர் தெருநாய்களுக்குப் பயந்து தன் அடுக்ககத்தின் வாகன நிறுத்துமிடத்திலேயே தூண்களைச் சுற்றிச் சுற்றிப் பயிற்சி செய்கிறார். மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து பதினோரு மாதத்தில் பத்து கிலோமீட்டர் முடித்தவரும் எங்களில் இருக்கிறார். வேகம் என்பது யார் எவ்வளவு பாடுபட்டார் என்பதன் அளவுகோல் அல்ல என்பதை ஓட்டப் பயிற்சியாளர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

முன்னால் ஓடி வெல்கிறவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. எதிர்த்திசையில் அவர்கள் திரும்பி வரும்போது, என் மூச்சு வாங்கினாலும் கைதட்டாமல் இருந்ததில்லை. அந்த ஓட்டத்தின் அழகு வேறு. அவர்களுக்குத் தருவதில் எதையும் குறைக்கச் சொல்லவில்லை.

இனி நான் கொடுக்கக்கூடியதைச் சொல்கிறேன். வருகிற ஜனவரியில் நான் எண் அட்டை வாங்கப்போவதில்லை. நாகேஸ்வரராவ் பூங்காவில் என்னோடு ஓடுகிற பதினோரு பேரிடமும் பேசிவிட்டேன், அவர்களும் சம்மதித்துவிட்டார்கள். நாங்கள் பன்னிரண்டு பேரும் கடைசி ஆட்களோடு நடந்து வருகிறோம். ஒவ்வொரு தூரத்துக்கும் மூன்று பேர் வீதம் பிரித்துக்கொள்ளலாம். எங்கள் பையில் உப்பு-சர்க்கரைப் பொட்டலம், கடலை மிட்டாய், சர்க்கரை நோயாளிகளுக்காகக் குளுக்கோஸ், ஒரு பிளாஸ்டர் கட்டு இருக்கும். பன்னிரண்டு பேரில் இருவர் செவிலியர்கள். கொடியை நாங்களே தைத்துக்கொள்வோம். மஞ்சள் துணி வாங்கியாகிவிட்டது. உங்களிடம் வேண்டுவது மூன்று விஷயங்கள்தான்: ஒவ்வொரு மேசைப் பொறுப்பாளரின் தொலைபேசி எண், மஞ்சள் கொடி கடந்த பிறகே மேசையை மடக்கவேண்டும் என்று அவர்களுக்கு எழுத்தில் ஓர் உத்தரவு, முடிவுக் கோட்டில் நாங்கள் வந்து சேரும்வரை அந்த வளைவைச் சரிக்காமல் இருப்பது.

எங்கே, எத்தனை மணிக்கு வந்து நிற்கவேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். மூன்று மணிக்கே வரச் சொன்னாலும் வருவோம்.

அன்புடன்,
மயிலாப்பூரிலிருந்து,
பின்வரிசையில் ஓடுகிற ஒருத்தி